பத்துக்கு எத்தனை

நாலு மணிக்கு மீற்றிங், இப்ப ரெண்டேகால், கிழங்கு அவிஞ்சிட்டுது. தோல் உரிச்சுக்கொண்டு நிக்கிறன். விரல் சுடுது, சுடட்டும், ஆறவிட்டு உரிக்க நேரமில்லை. இண்டைக்கு மூண்டு எண்டுதான் சொல்லுறது. கேட்ட உடன, யோசிக்காமல், சிரிக்காமல், பக்கத்தில இருக்கிற பெவ் அன்ரியின்ர முகத்தைப் பாக்காமல், மூண்டு. ஒரு சொல்லுத்தானே, இதைச் சொல்ல உனக்கு மூண்டரை வருசம் எடுத்திருக்கு நிறைமதி, வெக்கமாயில்லையோ? வெக்கமாத்தான் இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒருக்கா இந்த மீற்றிங் நடக்கும். தாய் தேப்பன் இல்லாமல் தனிய வந்திறங்கின பிள்ளையளை இங்கிலாந்தில கவுன்சில் பொறுப்பெடுத்து ஒரு வீட்டில விட்டு வளர்க்கும். என்னைக் கொண்டுவந்து விட்டது பெவ் அன்ரி வீட்டில. ஜமேக்காவில பிறந்த மனிசி, அறுபத்திரண்டு வயசு, புருசன் செத்துப்போனார், முந்தி பஸ் ஓட்டினவ, இப்பவும் குசினிக்குள்ள திரும்பேக்க பஸ் திருப்புற மாதிரி ரெண்டு பக்கமும் பாத்துத்தான் திரும்புவா. மீற்றிங்குக்கு ரெண்டு பேர் வருவினம். ஒண்டு க்ளோயி, என்ர சோசல் வேக்கர், மடியில லப்டொப் இல்லாமல் அவவை நான் கண்டதேயில்லை. மற்றது மிஸ்டர் ஹாரிஸ், தலைமை தாங்குறவர், நரைச்ச தாடி, வாசலில சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ள வாற ஒரே வெள்ளைக்காரன். படிப்பு, பல்லு, கண், பாங்க் புத்தகம் எல்லாம் விசாரிச்சு முடிச்சுக் கடைசியா அவர் கேப்பார், எப்பிடியிருக்கிறாய் நிறா, பத்துக்கு எத்தனை? நான் ஒன்பது எண்டுவன். ஏழு தரம் கேட்டிட்டார், ஏழு தரமும் ஒன்பது. இண்டைக்கு எட்டாந்தரம், இதுதான் கடைசித்தரமும். வாற மாசி பன்னிரண்டாம் திகதி எனக்குப் பதினெட்டு முடியுது. அதோட என்னை ஒரு தனி பிளாட்டில கொண்டுபோய் விடப்போகினம். பதினெட்டுக்குப் பிறகும் இதே வீட்டில இருக்க ஒரு வழி இருக்கு, ஆனா பிள்ளை வாய் திறந்து கேக்கோணும், வீட்டுக்காரர் ஓம் எண்டோணும், ரெண்டும் இண்டைக்கு நடக்காட்டி இனி நடக்காது. ஒன்பது எண்டு சொல்லுற பிள்ளை கேக்காது, அவையும் கேக்கச் சொல்லாயினம்.

பேணியில அடைச்ச ரின்மீனைப் பிரட்டி அடுப்பில வைச்சாச்சு. வெங்காயம், பச்சை மிளகாய், கறித்தூள், கிழங்கு, கொஞ்சம் தேசிக்காய்ப் புளி. மாக் கரைச்சு வைச்சிருக்கு, இனி மெல்லிசா ரொட்டி மாதிரி ஊத்தி எடுக்கோணும், பிறகு சுத்தி, முட்டையில தோய்ச்சு, பாண்தூளில பிரட்டி, எண்ணெயில போட்டால் ரோல்ஸ். இருபது சுடுறனான். ஒவ்வொரு மீற்றிங்குக்கும் சுடுறனான், ஒருத்தரும் சுடச் சொன்னதில்லை. எங்கட வீட்டு வாசலில ஊர் அலுவல் பாக்கிற விதானையார் வந்து நிண்டாலே அம்மா ஒரு தேத்தண்ணி இல்லாமல் அனுப்பமாட்டா, கவுன்மேந்து ஆக்கள் பைலோட வந்து வெறும் வாயோட இருந்திட்டுப் போறதோ? அதுதான் முதல் மீற்றிங்கிலயே எழும்பி ஓடினன் குசினிக்கு, ஒரு பிஸ்கட் பெட்டியாவது கிடக்கோ எண்டு. ரெண்டாவதுக்கு ரோல்ஸ். அண்டையில இருந்து இதே வேலைதான். அவை என்னைப் பற்றிக் கதைப்பினம், நான் தட்டைத் தூக்கிக்கொண்டு சுத்திச் சுத்தி வருவன், பொம்பிளை பாக்க வந்த ஆக்களுக்குப் பலகாரம் குடுக்கிறவள் மாதிரி. மிஸ்டர் ஹாரிஸ் நாலு தின்னுவார். க்ளோயி, நான் இறைச்சி தின்னுறேல்ல, இது மீன்தானே எண்டு கேட்டு மூண்டு தின்னுவா. வாய் நிறைய ரோல்ஸை வைச்சுக்கொண்டு ஆர் என்னத்தைத் துருவிக் கேக்கிறது? இந்தப் பெட்டை நல்லாத்தான் இருக்குது எண்டு அவையின்ர வயிறே அவைக்குச் சொல்லிப்போடும். எல்லாம் நானே செய்தது. என்ர வாயால ஒரு பொய், என்ர கையால இருபது பொய். சரி, அடுப்பைக் குறை, கருகுது.

அந்த ஒன்பது வந்த கதையை நினைச்சால் எனக்கே சிரிப்பு வரும். இந்த வீட்டுக்கு வந்து மூண்டாம் கிழமை முதல் மீற்றிங். எனக்கு இங்கிலிஸ் தெரியாது, மேசை நடுவில போனை வைச்சு அதுக்குள்ள ஒரு இந்தியத் தமிழ் அக்கா மொழிபெயர்த்தவ. நல்ல குரல். "இந்த வீட்டுல எப்படி இருக்கும்மா? பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க" எண்டா. நான் அதை வீட்டுக்குப் போடுற புள்ளி எண்டு நினைச்சுப்போட்டன். பள்ளிக்கூடத்தில இன்ஸ்பெக்சனுக்கு வாற ஆக்கள் ரீச்சருக்குப் புள்ளி போடுவினமே, அப்பிடி பெவ் அன்ரிக்குப் புள்ளி போடச் சொல்லுகினம், அதுவும் அந்த மனிசி பக்கத்திலயே கையைக் கட்டிக்கொண்டு இருக்கேக்க! அண்டு காலமை அவ எனக்காக எங்கயோ தேடிச் சோறு சமைச்சு, குழைஞ்சுபோச்சுது எண்டு தனக்குள்ள புறுபுறுத்து, அதைக் கொட்டிப்போட்டுத் திரும்பவும் சமைச்சவ. சோறு போட்ட வீட்டுக்கு ஆர் குறைச்சுப் போடுறது? பத்து எண்டு சொல்லத்தான் வாய் வந்தது. ஆனா முழுசாச் சொன்னால் கண்ணூறு. ஆரும் பிள்ளையைக் கொழுகொழுவெண்டு இருக்குதெண்டு சொன்னாலே அம்மா நாவூறு கழிச்சுப்போடுவா. நல்ல மனிசிக்கு என்னால ஒரு கண்ணூறு வரக்கூடாது எண்டு ஒண்டைக் குறைச்சு ஒன்பது எண்டன். போனுக்குள்ள இருந்த அக்கா சொல்ல, எல்லாரும் சந்தோசப்பட்டுத் தலையாட்ட, க்ளோயி ரைப் பண்ண, பெவ் அன்ரி என்ர முதுகைத் தடவிவிட, நானும் நல்ல வேலை செய்திட்டன் எண்டு நிமிந்து இருந்தன். விசரி.

பிழை விளங்கினது ரெண்டாம் வருசம். கவுன்சிலிங் எண்டு ஒரு அறைக்கு அனுப்பினவை. மேசையில கண் துடைக்கிற ரிசுப் பெட்டி, சுவரில வரிசையா முகங்கள், அழுற முகத்தில தொடங்கிச் சிரிக்கிற முகம் வரை, கீழ நம்பர். அதைப் பாத்த உடனதான் பிடிபட்டுது. கடவுளே, இது வீட்டுக்கில்லை, எனக்கு! நான் எப்பிடி இருக்கிறன் எண்டு கேட்டிருக்கினம், நான் சோத்துக்குப் புள்ளி போட்டிருக்கிறன்! அப்பவே சொல்லியிருக்கலாம். ஆனா பைலில ஏற்கெனவே மூண்டு ஒன்பது. நாலாவதா நான் போய் மூண்டு எண்டால், அவை என்ன நினைப்பினம்? இந்த மனிசி பிள்ளைக்கு என்னவோ செய்துபோட்டுது எண்டுதானே? கோயிலில கஜந்தினி எண்டு ஒரு பெட்டையைத் தெரியும், என்னை மாதிரித் தனிய வந்தவள். அவள் சும்மா கதையோட கதையா, தன்ர சோசல் வேக்கரிட்ட, வீட்டில சாப்பாடு பிடிக்கேல்ல, அழுகை வருது எண்டு சொல்லியிருக்கிறாள். ரெண்டே நாளில அவளின்ர உடுப்பெல்லாத்தையும் பையில கட்டி வேற ஊரில வேற வீட்டில கொண்டுபோய் விட்டிட்டினம், நல்லதெண்டு நினைச்சுத்தான். அந்த வீட்டுக்காரிக்குப் பிறகு ஒரு பிள்ளையும் குடுக்கேல்லையாம். அந்தக் கதை கேட்ட நாளில இருந்து என்ர நாக்கில பூட்டு. கவுன்சிலிங்கிலயும் ஒன்பதுதான். மூண்டு தரம் போனன், மூண்டாந்தரம் கவுன்சிலிங் செய்யிற மனிசி என்ர கையைப் பிடிச்சு, நீ நல்ல தாங்குற பிள்ளை, எவ்வளவு பட்டும் நிமிந்து நிக்கிறாய், இனி என்னட்ட வரத்தேவையில்லை எண்டு சந்தோசமா அனுப்பிவிட்டா. தாங்குற பிள்ளை எண்டு கடிதமும் போட்டவ. அது க்ளோயியின்ர பைலில முதல் பக்கத்தில கிடக்கு. நான் வீட்ட வந்து குளிக்கிற அறையில தண்ணியைத் திறந்துவிட்டிட்டு அழுதன்.

ரொட்டி ஊத்துறன். ஆறு. ஏழு. இது கிழிஞ்சிட்டுது, இது எனக்கு. அம்மாவுக்கும் நான் ஒன்பதுதான். ஞாயிறு ஞாயிறு போன் எடுத்தால் முதல் கேள்வி, "குஞ்சு, எப்பிடி இருக்கிறாய்?" நல்லாயிருக்கிறன் அம்மா. நீங்கள்? "நாங்கள் நல்லாயிருக்கிறம், எங்களுக்கென்ன." புதுக்குடியிருப்பில தகரக் கூரைக்குக் கீழ அம்மா ஒரு கிழமையாக் காய்ச்சலோட கிடந்ததை எனக்குச் சித்தி சொல்லித்தான் தெரியும். இப்பிடியே ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் நல்லாயிருந்து நல்லாயிருந்து களைச்சுப்போனம். கோவமும் வருது. ஆரில எண்டு கேட்டால், எல்லாரிலயும். வந்த ஆக்களுக்கு முன்னால மூஞ்சையை நீட்டிக்கொண்டு நிக்காத எண்டு என்னை வளர்த்த அம்மாவில கோவம். சண்டை முடிஞ்சு நாங்கள் முகாமில இருந்து வெளிய வந்த பிறகும், வீட்டுக்கு இரவும் பகலும் விசாரணைக்கு வந்த ஆமிக்காரங்களில கோவம். இனிப் பெட்டையை இஞ்ச வைச்சிருக்கேலாது எண்டு காணியை வித்து, வெளிநாட்டுக்கு ஆக்களை அனுப்புற ஏஜென்சிக்காரனிட்டக் குடுத்த மாமாவில கோவம், பாவம் அந்த மனிசன், அவர் என்ன செய்வார். ஏஜென்சிக்காரனில உள்ள கோவத்துக்கு எனக்குச் சொல்லே இல்லை. ஆர் என்ன கேட்டாலும் சிரி எண்டு பழக்கினது அவன்தான். எயார்போட்டில சிரி, போட்டோவுக்குச் சிரி, பயந்த முகத்தைத்தான் அவங்கள் பிடிப்பாங்கள், சிரிச்ச முகத்தை விட்டிடுவாங்கள். எனக்கு அப்ப பதினாலு.

பதினாலு வயசில ஒரு வீட்டில பத்தொன்பது நாள். இதை நான் ஆருக்கும் சொன்னதில்லை, இப்ப இந்தக் குசினிக்கும் சொல்லப்போறேல்ல, ஆனா மனம் கேக்குதோ, போகாத போகாத எண்டால் அங்கதான் போகும். எந்த ஊரெண்டே தெரியாது. நாலாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் ஒரு சுவரும் அதில ஒரு தண்ணித் தாங்கியும். ஏஜென்சிக்காரன் ஒரு பாணும் கொஞ்ச நூடில்ஸும் ஒரு பை மாவும் வைச்சிட்டு, பாஸ்போட் சரிக்கட்டிக்கொண்டு ரெண்டு நாளில வாறன், சத்தம் போட்டியோ பொலிஸ் வரும் எண்டு சொல்லி வெளியால பூட்டிக்கொண்டு போனவன். ரெண்டாம் நாள் வரேல்ல. அஞ்சாம் நாள் வரேல்ல. வெறும் ஃபிரிட்ஜ் ஒண்டு நிண்டது. அதுதான் அந்த வீட்டில உயிரோட இருந்த மற்றது. ர்ர்ர் எண்டு கொஞ்ச நேரம் இரையும், டக்கெண்டு நிக்கும். நிண்ட உடன வருமே ஒரு அமைதி, அதைத்தான் எனக்குத் தாங்கேலாது. சண்டைக்குள்ள கிடந்தவள் நான், செல் விழுந்த சத்தம் எல்லாம் கேட்டவள், ஆனா அப்ப பக்கத்தில அம்மா இருந்தவ, சனம் இருந்தது, ஆரோ ஒருத்தர் அழுதுகொண்டாவது இருந்தவை. இஞ்ச நான் செத்தால் அந்த ஃபிரிட்ஜுக்கு மட்டும்தான் தெரியும். அதோட கதைச்சன். வாய்ப்பாடு சொல்லிக்குடுத்தன், பதினாறாம் வாய்ப்பாடு வரை. பன்னிரண்டாம் நாள் நூடில்ஸ் முடிஞ்சுது, பிறகு மாவைத் தண்ணியில கரைச்சுக் குடிச்சன். பத்தொன்பதாம் நாள் கதவு திறந்தது. கையில பொரிச்ச கோழிப் பெட்டியோட நிண்டான். குறை நினைக்காத தங்கச்சி, ஒரு சின்னப் பிரச்சினை, முகத்தைக் கழுவிக்கொண்டு வா, போட்டோ எடுக்கோணும், சிரி எண்டான். நான் சிரிச்சன். அதுதான் எனக்குப் பொறுக்கேலாமல் கிடக்கு. பூட்டினதைவிட, நான் சிரிச்சது.

எண்ணெய் காயுது. முதல் நாலைப் போடுறன், பொங்கி வருது, நல்ல சூடு. பெவ் அன்ரி மேல சீப்பால தலை இழுத்துக்கொண்டு நிக்கிறா, சீலிங்கில காலடி கேக்குது, அந்தச் சத்தம் இருந்தால் எனக்குப் போதும். இந்த வீட்டில என்ர அறைக் கதவை நான் ஒரு நாளும் சாத்தினதில்லை, அவவின்ர குறட்டை கேக்கோணும். போன ஆடியில ஒரு நாள் தங்கச்சி வீட்ட ஒரு இரவு நிண்டிட்டு வாறன், தனிய இருப்பியோ எண்டு கேட்டவ. ஓம் அன்ரி, போயிட்டு வாங்கோ எண்டு நானே பையைத் தூக்கிக்கொண்டுபோய்க் காரில வைச்சனான். கார் தெருமுனை திரும்ப முதலே நானும் கதவைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டன். வருத்தம் எண்டில்லை. அங்க அவசரப் பிரிவு வாசலில எந்த நேரமும் சனம் இருக்கும், ஆருக்கோ துணைக்கு வந்தவள் மாதிரி விடியும் மட்டும் ஒரு கதிரையில இருந்தன். இந்த லட்சணத்திலதான் போன மாசம் க்ளோயி என்னைக் கூட்டிக்கொண்டுபோய் பிளாட் காட்டினவ. ஒரு அறை, சின்னக் குசினி, புதுப் பெயின்ற் மணம், குசினி மூலையில ஃபிரிட்ஜ். க்ளோயி ஜன்னலைத் திறந்து பார்க் தெரியுது பார் எண்டு காட்டிக்கொண்டு நிக்க அது டக்கெண்டு நிண்டுது. நான் கதவுப் பக்கமா ஒரு அடி பின்னால வைச்சன். எப்பிடி, பிடிச்சிருக்கோ எண்டு கேக்க, என்ர வாய் என்னைக் கேக்காமலே லவ்லி எண்டுது. லவ்லியாம்! செருப்பால அடிக்கோணும் இந்த வாய்க்கு.

அதைவிட ஒண்டு கிடக்கு, அதுதான் இண்டைக்கு மூண்டை முழுங்க வைக்கப் பாக்குது. போன கிழமை படியால இறங்கி வரேக்க பெவ் அன்ரி போனில கதைச்சதைக் கேட்டனான். ஓம், அறை மாசியில காலியாகும், ஓம், கொண்டுவரலாம் எண்டா. வேற ஒரு பிள்ளைக்கு என்ர அறை. பதின்மூண்டு வயசாம், தனிய வந்ததாம், இப்ப ஒரு ஹோட்டல் அறையில வைச்சிருக்கினமாம். நான் படியிலயே இருந்திட்டன். நான் போகமாட்டன் எண்டால் அந்தப் பிள்ளை எங்க போறது? அந்தப் பிள்ளையும் ஒரு ஃபிரிட்ஜோட கதைச்சுக்கொண்டு கிடக்குதோ? அதோட, மனிசி எவ்வளவு சந்தோசமாச் சொன்னா. நான் போறது அவவுக்கு நிம்மதியோ? மூண்டரை வருசம் ஒரு பிள்ளையை வளர்த்துக் களைச்சிருப்பா, நான் போய் இன்னும் இருக்கப்போறன் எண்டு கேட்டு, அவ முகம் சுழிச்சால்? முகம் சுழிக்காமல், மனசுக்க சுழிச்சுக்கொண்டு ஓம் எண்டால்? அதுதான் பெரிய பயம். ஆனா நிறைமதி, நில்லு. அந்தப் பிள்ளைக்கு வீடு தேடுறது க்ளோயியின்ர வேலை, மிஸ்டர் ஹாரிஸின்ர வேலை, உன்ர வேலை இல்லை. உன்னைப் பூட்டிக்குடுத்து இன்னொரு பிள்ளையைக் காப்பாத்தச் சொல்லி ஒருத்தரும் உன்னட்டக் கேக்கேல்ல. பெவ் அன்ரி மாட்டன் எண்டால் மாட்டன் எண்டு சொல்லட்டும். கேட்டு இல்லை எண்டுறதைக் காது தாங்கும்.

தமிழ்க்கடை சறோ அக்கா வேற. சனிக்கிழமையில அவவின்ர கடையிலதான் வேலைக்கு நிக்கிறனான், ஒருக்கா வாய் தவறி நித்திரை வாறேல்ல எண்டு சொல்லிப்போட்டன். உடன என்னை மரக்கறிப் பெட்டிக்குப் பின்னால இழுத்துக்கொண்டுபோய், "எடியே, உதுகளை உந்த வெள்ளையளுக்குச் சொல்லிக் கில்லிப் போடாத! விசர், மண்டை பிழை எண்டு பைலில எழுதிப்போடுவாங்கள். பிறகு வேலைக்கும் அது குறுக்க நிக்கும், நாளைக்கு ஒரு கலியாணத்துக்கும் அது குறுக்க நிக்கும். ரெண்டு தேங்காய்ப்பூ ரொட்டி தின்னு, நித்திரை வரும்" எண்டா. நல்ல மனிசிதான், ரொட்டியும் கட்டித் தந்துவிட்டவ. நித்திரை வரேல்ல அக்கா. எழுதட்டுமே விசர் எண்டு. கொலிச்சில நான் கரண்ட் வேலை படிக்கிறன், இருபத்தொரு பொடியங்களுக்கு நடுவில ஒரு பெட்டை. முதல் நாள் மாஸ்ரர் சொன்னது, லைன் நிப்பாட்டியாச்சு எண்டு ஆர் சொன்னாலும் நம்பாத, கரண்ட் இருக்கோ எண்டு ரெஸ்ரரை வைச்சுப் பார், பாத்திட்டுத் தொடு. அண்டைக்கு நினைச்சன், என்னில மட்டும் ஒருத்தரும் ரெஸ்ரர் வைச்சுப் பாக்கேல்லையே எண்டு. சொன்னதை நம்பிப்போட்டினம். அவையில பிழையில்லை, நான் அவ்வளவு வடிவாச் சிரிச்சிருக்கிறன். அந்த இருபத்தொரு பொடியங்களில ஆரும் என்னைத் தள்ளி நில்லு எண்டு சொன்னால் நான் தள்ளி நிக்கிறேல்ல, பிறகென்ன இந்த ஒரு நம்பருக்கு இவ்வளவு நடுக்கம்? பதினாறு, பதினேழு, கடைசி மூண்டையும் போடு. பொன்னிறமா வந்திருக்கு, வடிவா இருக்கு, அடச்சீ, ஏன் இவ்வளவு நல்லா வந்திருக்கு? இதை முன்னால கொண்டுபோய் வைச்சன் எண்டால் முடிஞ்சுது. மிஸ்டர் ஹாரிஸ் ஆ எண்டுவார், க்ளோயி மீன்தானே எண்டுவா, நான் நிண்டு பரிமாறுவன், பிறகு என்ர கால் தானா ஒன்பதுக்குத்தான் நடக்கும். அப்ப வைக்கிறேல்ல. இருபதும் கீழ் அடுப்புப் பெட்டிக்குள்ள போகட்டும், கதவைச் சாத்தினால் சூடா இருக்கும். முதல் கேள்வி, பிறகு தீன்.

நாலுக்கு ரெண்டு நிமிசம் இருக்க மணி அடிச்சுது. வந்தினம். மிஸ்டர் ஹாரிஸ் சப்பாத்தைக் கழட்டினார், மூக்கை நிமித்தினார், சிரிச்சார். க்ளோயி லப்டொப்பை விரிச்சா. பெவ் அன்ரி புது உடுப்போட இறங்கி வந்து சோபாவில இருந்தா. அவை இங்கிலிசில கதைக்கிறது என்ர காதுக்குள்ள எங்கட தமிழாத்தான் விழும், எனக்கு எப்பவும் அப்பிடித்தான். நான் குசினி வாசலில நிக்கேல்ல, நேர போய் மிஸ்டர் ஹாரிஸுக்கு எதிர்க் கதிரையில இருந்தன். அவர் பைலைத் திறந்து கொலிச் எப்பிடிப் போகுது எண்டு தொடங்க, நான் கையைத் தூக்கினன்.

"மிஸ்டர் ஹாரிஸ், இண்டைக்குக் கடைசிக் கேள்வியை முதல் கேளுங்கோ."

அவர் ஒரு மாதிரிப் பாத்தார். குசினிப் பக்கமும் ஒருக்காப் பாத்தார், பாவம். பிறகு பைலை மூடி மடியில வைச்சு, "சரி. எப்பிடியிருக்கிறாய் நிறா? பத்துக்கு எத்தனை?" எண்டார்.

"மூண்டு."

சொல்லிப்போட்டன். சொன்ன உடன நான் பாக்கக்கூடாது எண்டு நினைச்சதைத்தான் பாத்தன். பெவ் அன்ரியின்ர முகம். அந்த முகத்தில இருந்து ரத்தம் இறங்கினதை என்ர கண்ணால கண்டன். மனிசி கையை மடியில வைச்சு ஒண்டோட ஒண்டைக் கோர்த்துக்கொண்டா, என்ன பிழை விட்டன் எண்டு தேடுறா, மூண்டரை வருசத்தையும் ஒவ்வொரு நாளாத் தேடுறா. க்ளோயியின்ர விரல் லப்டொப்புக்கு மேல அந்தரத்தில நிண்டுது. இதுக்குத்தான் பயந்தனான். இப்ப எழும்பி ஓடினால் மனிசி செத்துப்போயிடும், ஓடக்கூடாது.

"வீட்டுக்கில்லை," எண்டன். சத்தமாத்தான் வந்தது. "வீட்டுக்குப் பத்து. முழுப் பத்து, எழுதுங்கோ. எனக்குத்தான் மூண்டு. வந்த நாளில இருந்து மூண்டு. நான் வீட்டுக்குப் போட்ட புள்ளியை நீங்கள் எனக்கு எண்டு எழுதிப்போட்டியள், நானும் திருத்தேல்ல. எனக்குத் தனிய ஒரு வீட்டில இருக்கேலாது. ஏனெண்டு சொல்லுவன், எல்லாம் சொல்லுவன், நேரமெடுக்கும். அன்ரி ஓம் எண்டால் நான் இஞ்ச இருக்கப்போறன். இல்லை எண்டால் இல்லையெண்டு சொல்லட்டும், நான் கோவிக்கமாட்டன்."

மிஸ்டர் ஹாரிஸ் கண்ணாடியைக் கழட்டினார், திரும்பப் போட்டார். பெவ் அன்ரியைப் பாத்து, "பெவர்லி, மாசியில இந்த அறைக்கு ஒரு பிள்ளை வாறதா எங்களிட்ட ஒரு குறிப்பு இருக்கு" எண்டு மெதுவாச் சொன்னார்.

பெவ் அன்ரி அவரைப் பாக்கேல்ல, என்னைத்தான் பாத்துக்கொண்டிருந்தா. "அது இவள் போறாள் எண்டபடியால் சொன்னது," எண்டா. "ஆடியில தங்கச்சி வீட்ட போகேக்க, பதினெட்டுக்குப் பிறகும் இஞ்ச இருக்கிறியோ எண்டு கேக்கத்தான் வாய் எடுத்தனான். இவள் என்ர பையைத் தூக்கிக் காரில வைச்சுச் சிரிச்சுக்கொண்டு கை காட்டினாள். பிள்ளைக்குத் தனிய இருக்க விருப்பம், நான் கிழவி மறிக்கக்கூடாது எண்டு விட்டிட்டன். அந்தக் கார் முழுக்க அழுதுகொண்டுதான் ஓட்டினனான், ஹாரிஸ். முப்பது வருசம் பஸ் ஓட்டினவள் நான், ஒரு நாளும் அப்பிடி ஓட்டினதில்லை." பிறகு என்ர பக்கம் திரும்பி, கோவமா, உண்மையாவே கோவமா, "எங்க போறதெண்டு நினைச்சனி நீ? அந்தச் சின்னப் பிள்ளையையும் கொண்டுவரட்டும், நான் தையல் மெசினை எடுத்து எறிஞ்சுபோட்டு அந்தச் சின்ன அறையை ஒதுக்கிறன். இவள் இஞ்ச இருக்கிறாள். எங்க கையெழுத்துப் போடோணும்?"

எனக்குக் கண்ணால தண்ணி கொட்டுது, துடைக்கேல்ல. மிஸ்டர் ஹாரிஸ் என்னட்டத் திரும்பவும் கேட்டார், முறைப்படி கேக்கோணுமாம். "அப்ப நிறா, அந்த பிளாட்?"

"வேண்டாம்," எண்டன்.

க்ளோயி அதை ரைப் பண்ணினா.